புகைப்பவர் இல்லாத வீடு

வெளியூர்க்காரர் ஆட்டோவில் ஏறினால்
எங்கள் ஊரைப் பற்றிச் சொல்ல ஒன்று வைத்திருக்கிறேன்:
தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை,
ராஜா இல்லாத கோட்டை.
சிரிப்பார்கள். இறங்கும்போது பத்து ரூபாய் குறைப்பார்கள்.

கத்திரி முடியாத ஒரு செவ்வாய்க்கிழமை
பெரிய ஆஸ்பத்திரி, குழந்தைகள் பிரிவு.
சின்ன வயசு டாக்டரம்மா ஃபாரத்தைப் பார்த்துக் கேட்டார்:
வீட்ல யாராவது புகை பிடிப்பாங்களா?
பரிமளா என் பக்கம் திரும்பவில்லை.
இல்லைங்க, என்றாள்.
சட்டைப் பையில் பாதிக் கட்டு பீடி. மேலே கை வைத்துக்கொண்டேன்.
பேனா ஒரு கட்டத்தில் டிக் போட்டது.
ஊர் பட்டியலில் நாலாவதாக ஒன்று சேர்ந்தது.

தனுஸ்ரீதான்,
இழுப்புக்கு நடுவே, இரண்டு தவணையாகச் சொன்னாள்:
"அப்பா வெளியதான்...
பிடிப்பாரு."

வெளியே.
ஓட்டேரியில் எங்கள் ஒற்றை அறைக்கு வெளியே என்பது
ஜன்னலுக்கும் கக்கூஸ் கதவுக்கும் நடுவில் மூன்றடி.
அந்த ஜன்னலில்தான் கூலர்.
"வெளிக்காத்த அப்படியே இழுத்து உள்ள குடுக்கும் சார்"
என்று சொல்லித்தான் விற்றான் கடைக்காரன்.
அதன் முதுகோடு நின்று
இரண்டு கோடை பிடித்தேன்.
உள்ளே, அதன் முகத்துக்கு நேரே,
அவள் பாய்.

போன வருஷம் காதில் சீழ் வைத்தபோது
ஏலகிரிக் குளிரைத் திட்டினேன்.
இருமலுக்கு ராணிப்பேட்டைத் தோல் ஷாப்புக் காற்றை.
திட்டுவதற்கு இந்தப் பக்கம் காற்றுக்குப் பஞ்சமில்லை.

முகமூடி மாட்டினார்கள்.
மருந்து ஆவியாகி
இரண்டு பக்க ஓட்டையிலும் வெள்ளையாய்க் கிளம்பியது.
அவள் கண் சிரித்தது.
இரண்டு விரலை முகமூடிமேல் வைத்து, எடுத்து,
தலையை அண்ணாந்து ஊதிக் காட்டினாள்,
சுண்டுவிரல் மட்டும் மடங்காமல்.
எனக்கு அந்த விரல் மடங்காது.

சாயங்காலம் பாகாயம் ஸ்டாண்டில் குப்புராஜ் நெருப்பு கேட்டான்.
குடியாத்தம் தீப்பெட்டியைப் பெட்டியோடு கொடுத்தேன்.
ஒன்பது நாள் ஆகிறது.
ஆறாம் நாள் ஒன்று பிடித்தேன், பாலாற்றுப் பாலத்தில்,
சட்டையைக் கழற்றி சீட்டுக்கடியில் வைத்துவிட்டு.
பத்தாம் நாளைப் பற்றி இப்போது சொல்ல முடியாது.

நேற்று கூலர் புல்லைக் கழற்றிக் கழுவினேன்.
தண்ணீர் டீ நிறத்தில் இறங்கியது.
இரண்டாம் பக்கெட்டும் அப்படியே.
தூசி, என்றேன்.
பரிமளா ஒன்றும் சொல்லாமல்
மூன்றாவதைப் பிடித்துவந்து வைத்தாள்.