பதினான்காம் எண்

தேர்வு நாளில் எங்கள் முறை வந்தபோது
நல்ல பையன்கள் எல்லாரும் போயிருந்தார்கள்.
மிச்சமிருந்த பெயர்களில் ஒன்று:
ஃபெலிசியன் அருளாந்து, சோல்தா வீட்டுப் பையன்,
ஆறடி ஏழங்குலம், வயது பத்தொன்பது,
இருப்பது பிரான்சில், நான்த் நகரத்தில்.
"அங்கேயே ஆடட்டும்" என்றார் கோச் தணிகாசலம்.
"சோறு அவன்கள் போடுவான்கள்,
முட்டி வீங்கினால் அவன்கள் பார்ப்பான்கள்,
உரிமை நம்மகிட்ட."

நான் பொருளாளர்.
பேரேட்டில் அவன் பெயருக்கு நேரே
மூன்று வருஷமாகக் கோடுதான் போடுகிறேன்.
இத்தனை மலிவான ஆட்டக்காரன்
உப்பளத்தில் எவருக்கும் வாய்த்ததில்லை.

பதினான்காம் எண் பனியனை யாருக்கும் கொடுப்பதில்லை.
அது பீரோவில், பாச்சை உருண்டையோடு.
அவன் இடத்தில் ஆடுகிறவன் மதியரசு,
மின்துறையில் ஒயர்மேன், ஆறடி ஒன்று.
தன்னைவிட உயரமானவர்களின் முழங்கைகளை
மூன்று பருவமாக நெஞ்சில் வாங்குகிறான்.
தோற்ற இரவுகளில் யாராவது சொல்லிவிடுகிறார்கள்:
"அவன் வந்தா சரியாயிடும்."
மதியரசு குனிந்து ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருப்பான்.
அவிழ்க்க அத்தனை நேரம் ஆகாது.

போன ஆகஸ்டில் வந்தான்.
பத்து நாள் லீவு, அத்தை மகள் கல்யாணம்,
ஒரே ஒரு சாயங்காலம் பயிற்சிக்கு.
மழை விட்டிருந்தது. கோணி போட்டுத் தளத்தைத் துடைத்தோம்.
முதல் பந்து கைக்கு வந்ததும்
பார்க்காமலே இடது மூலைக்கு எறிந்தான்.
அங்கே யாரும் இல்லை.
கோட்டைத் தாண்டி, நிறுத்தியிருந்த ஸ்கூட்டிகளைத் தாண்டி,
வாய்க்காலில் விழுந்தது பந்து.
"பர்தோன்" என்றான்.
பிறகு, "மன்னிச்சுக்குங்க."
இரண்டாவதும் அதே மூலை.
மூன்றாவதும்.
கோச் கத்தவில்லை.
அந்த மூலையில் ஒருவன் நின்றிருக்க வேண்டும் என்பது
அதற்குள் எங்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

லாபமா நஷ்டமா என்கிறது கமிட்டி.
அங்கே அவன் வளர்ந்தது நிஜம்.
எங்கள் சிமெண்டுத் தளத்தில்
அந்த முட்டி இரண்டு வருஷம் தாங்கியிருக்காது,
அதுவும் நிஜம்.
ஆனால் முகம் தெரியாத நாலு பேர்
எங்கெங்கே நிற்பார்கள் என்று பழகிய கை அது.
இதைப் பற்றில் எழுதுவதா, வரவில் எழுதுவதா?
நான் பேனாவை மூடிவிட்டு டீ சொன்னேன்.

இந்த வருஷமும் வரவில்லை.
இன்னும் ஒரு பருவம் என்று மெயில்.
கோடு போட்டாயிற்று.

நேற்று பயிற்சியில்
பந்து வலப்பக்கம் எங்கோ தட்டுப்பட்டுக்கொண்டிருக்க
மதியரசு மட்டும் ஓடிப்போய்
இடது மூலையில் நின்றான்,
இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே விரித்துவைத்து.
எறிய எவனுக்கும் தோன்றவில்லை.
கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி ஓடினான்.
அடுத்த முறையும்
அங்கேதான் போய் நின்றான்.