எல்லாத்துக்கும் ஓம்

சீனன்குடாவில் ஏலத்துக்கு எடுத்த
பழைய இரும்போடு வந்ததாம்.
ஜுனைதீன் நானா ஓட்டோவிலிருந்து இறக்கி
என் மேசையில் வைத்தபோது
விசைப்பலகை இடுக்கிலிருந்து ஒரு சோகி விழுந்தது.

'உசிர் இருக்கா பாரு தங்கச்சி.
வேலை செஞ்சா கொழும்புல ஒருத்தன்
நாப்பதாயிரம் தருவான்.
செய்யாட்டி கிலோக் கணக்குத்தான்.'

பிளக்கைச் செருகினேன்.
திரை நிறைய ஆச்சரியக்குறிகள்.
மேலிருந்து கீழ், இடமிருந்து வலம்,
ஒரு மூலை மிச்சமில்லை.
'நம்மளக் கண்ட சந்தோசம்' என்றார் நானா.

சந்தோசமில்லை அது.
ஊர்ப்பெயரைச் சுருக்கி
ஆறு ஆங்கில எழுத்தில் தட்டினேன்.
ரீ கேட்டேன், யூ தந்தது.
ஆர் கேட்டேன், எஸ்.
ஐ ஐயாகவே நின்றது.
என் போய் ஓ வந்தது.
சீயும் கடைசி ஓவும்
சொன்ன சொல் மாறவில்லை.

பில் புத்தகத்தின் பின்பக்கத்தில்
எழுத்துகளின் எண்களைப் போட்டுப் பார்த்தேன்.
எண்பத்து நாலு எண்பத்தைந்தாகிறது.
எண்பத்திரண்டு எண்பத்து மூன்று.
ஒற்றைகள் அப்படியே. இரட்டைகள் மட்டும்
தலைக்கொன்று கூடி.
எழுதாத இடத்துக்கும் ஓர் எண் உண்டு, முப்பத்திரண்டு.
அதிலும் ஒன்று கூடினால்
ஆச்சரியக்குறி.

திரைக்கென்று தனி நினைவகம், எட்டு சிப்.
எந்த சிப்புக்கும் ஓர் எழுத்தை முழுதாய்த் தெரியாது.
எழுத்தை எட்டாய்ப் பிளந்து
ஆளுக்கொரு ஓம் அல்லது ஆளுக்கொரு இல்லை.
திருக்கடலூர்க் கரையில் வள்ளம் தூக்குகிறவர்கள் மாதிரி
தன் தோளில் இறங்கிய பாரம் மட்டுமே
தனக்குத் தெரியும்.
இந்த எட்டுப் பேரில் ஒருத்தன்
எதைக் கேட்டாலும் ஓம் என்கிறான்.

இடப்பக்கம் முதலாவது ஆள் என்று தீர்மானித்தேன்.
பதினாறு கால்.
காலெல்லாம் உப்புக்காற்றின் பச்சைக் களிம்பு.
ஈயத்தை உருக்கி, உறிஞ்சி,
உருக்கி, உறிஞ்சி,
பதினோராம் காலில் கரண்ட் போனது.

வாசலில் ஒரு மான்
கம்ப்யூட்டர் வந்த அட்டைப்பெட்டியை
அவசரமில்லாமல் மென்றுகொண்டிருந்தது.
நானா போனில் லைட் அடித்தார்,
எனக்கில்லை, மானுக்கு.

கரண்ட் வந்ததும் புதியதைப் பொருத்தினேன்.
புதியதென்றால்
செத்த பலகை ஒன்றிலிருந்து முன்பொருநாள் கழற்றியது.
கையிருப்பு அது ஒன்றுதான்.
சுவிட்சைப் போட்டேன்.
மறுபடியும் திரை நிறைய ஆச்சரியம்.

ஒன்றின் இடம் வலப்பக்கம்.
மூன்றாம் வகுப்புக் கணக்கு.
நல்லவனைப் பிடுங்கி எறிந்திருக்கிறேன்.
எறிந்த வேகத்தில் அவனுடைய ஏழாம் கால்
முறிந்தும் இருந்தது.

'என்ன தங்கச்சி, முகம் ஒரு மாதிரி?'
'ஒண்டுமில்லை நானா.'
எதிர்க்கடைக்கு ரெண்டு ரீ சொன்னேன்.
ரீயே வந்தது.

பழைய ஹெட்செற் வயரைக் கிழித்து
உள்ளே ஒரு நரம்பை இழுத்தெடுத்தேன்.
முறிந்த இடத்தில், மூச்சை அடக்கி,
கண்ணுக்குப் பிடிபடாத ஒரு துளி ஈயம்.
வலப்பக்கக் கடைசி ஆளைக் கழற்றிய இடத்தில்
இந்த முறை சொக்கற் வைத்தேன்.
என்னை நானே நம்பவில்லை.
பொய்க்கால் போட்ட நல்லவன்
அதில் ஏறி உட்கார்ந்தான்.

சுவிட்ச்.
கறுப்பு.
'செத்துட்டா?' நானா எழும்பிவிட்டார்.
மூலையில் ஒரு சின்னச் சதுரம்
வந்தது, போனது, வந்தது.
மற்ற இடமெல்லாம் வெறுமை.
முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு,
வரிசை வரிசையாய்
ஒருவரும் ஒன்றையும் கூட்டாமல்.

ரீ தட்டினேன், ரீ.
ஆர் தட்டினேன், ஆர்.
நானாவுக்கு அவ்வளவு திருப்தியில்லை.
'முந்தி வடிவா இருந்திச்சே,
நிறைய வந்திச்சே.'

கூலியைச் சொன்னேன்.
'ஓம் ஓம்' என்றார்.
'வித்த உடனே கொண்டாந்து தாரன்.
ஓம், வெள்ளிக்கிழமைக்குள்ள. ஓம்.'

மேசையில் காலை மேலே நீட்டிக்கொண்டு
மல்லாந்து கிடந்தது
கழற்றிய சிப்.