நான்காம் கேள்வி

போன டிசம்பரில்
சுன்னீவாவுக்கு நான்காம் கேள்வியை விலக்கினோம்.
"படத்தைப் பார்த்து விடையளிக்கவும்."
படத்தை எடுத்தோம், கேள்வியை எடுத்தோம்,
பத்து மதிப்பெண்ணை முழுசாகப் போட்டோம்.
கருணையைத் தட்டச்சு செய்ய எங்களுக்கு
அரை நிமிடம் போதும்.

மறுநாளே வந்தாள்.
பூட்ஸில் பனி, கையில் வெள்ளைக்கோல்.
"எழுதாத விடைக்கு எதற்கு மதிப்பெண்?
திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்."
தேடிப் பார்த்தேன்.
திருப்பி எடுக்கப் படிவம் இல்லை.

இந்த ஆண்டும் நான்காம் கேள்வியில் படம்.
மடிந்த பாறையடுக்குகள், குறுக்குவெட்டில்.
ட்ரொன்ஹெய்மில் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
விளக்கைப் போட்டு எழுத உட்கார்ந்தேன்:
அடுக்குகள் மேல்நோக்கி வளைகின்றன...
அழித்தேன். வளைவுதான் முதல் விடை.
ஒரு கோடு அடுக்குகளை வெட்டிச் செல்கிறது...
அதையும் அழித்தேன்.
வெட்டு என்றதுமே பிளவைச் சொல்லியாயிற்று.
கண்ணுள்ளவர்களுக்குப் படம்
காட்டிவிட்டுச் சும்மா இருக்கிறது.
நான் வாயைத் திறந்தாலே
விடை கீழே விழுகிறது.

பேராசிரியர் ஹெக்ஸ்தாத் தொலைபேசியில்,
"எழுபத்தொன்பது பேருக்கு அச்சடித்தாயிற்று,
ஒருத்திக்காக..." என்றார்.
வாக்கியத்தை முடிக்கவில்லை.
ஆறு மணிக்குப் பசைப்புட்டியோடு
வாசலில் நின்றார்.

மணற்கல்லுக்கு உப்புத்தாள்.
சுண்ணாம்புக்கல்லுக்குப் பழைய திரைச்சீலை.
களிமண் அடுக்குக்கு அவர் கையுறையிலிருந்து
வெட்டிய கம்பளி.
பிளவுக்கு மட்டும் தூண்டில் நரம்பு.
ஒட்டி முடித்ததும் கண்ணை மூடித் தடவிப் பார்த்தார்,
திரும்பவும் தடவினார்.
"ஒன்றும் புரியவில்லையே" என்றார்.
அவர் விரல்கள் பள்ளிக்கூடம் போனதில்லை.

தேர்வன்று அடித்தள அறை,
ஒரு மணி நேரம் கூடுதல்,
காவலுக்கு நான்.
அவள் விரல் உப்புத்தாளில் ஏறியது,
திரைச்சீலையில் இறங்கியது,
நரம்பைத் தாண்டிப் போய்விட்டது.
நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்,
என் மூச்சே குறிப்பாகிவிடக் கூடாதே என்று.
பிறகு திரும்பி வந்தது விரல்.
நரம்பின் மேல் வெகுநேரம் நின்றது.

ஜனவரியில் முடிவுகள்.
நான்காம் கேள்வி: பத்துக்கு மூன்று.
பிளவு முந்தியது, மடிப்பு பிந்தியது
என்று எழுதியிருந்தாள்.
அச்சடித்த படத்தைப் பார்த்தவர்களில்
முப்பத்தோரு பேர்
இதையேதான் எழுதியிருந்தார்கள்.

போன் அடித்தது.
மறுபரிசீலனைப் படிவத்தை
இழுப்பறையிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டேன்.

"மூன்றா?" என்றாள்.
"ஆமாம்."
"படம் சரியாகத்தான் இருந்தது.
நான்தான் அவசரப்பட்டேன்."
சிரிக்கிறாள் என்று
கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது எனக்கு.
தவறு அவளுடையது.
முழுக்க முழுக்க அவளுடையது.
வேறு யாரும் அதில் கை வைக்கவில்லை.

"ஒரு புகார் உண்டு," என்றாள்.
பேனாவை எடுத்தேன்.
"பசை காயவே இல்லை.
ஒரு விரல் ஒட்டிக்கொண்டே எழுதினேன்.
மார்ச்சில்
ஒருநாள் முன்னாடியே ஒட்டிவிடுங்கள்."