ஜூலையில் பார்த்தவை

இந்த மாதம் ஐந்து படம்.
ஒன்றில் தூங்கிவிட்டேன்.
அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன்,
காசு கொடுத்துத்தானே தூங்கினேன்.

மொண்டேவீடியோவில் ஜூலை என்றால் குளிர்.
பகலெல்லாம் பேருந்தில் சீட்டுக் கிழித்து
விரல் நுனியில் மை.
வேலை முடிந்ததும் சீருடைக் கோட்டோடே போய்
ஏழாவது வரிசையில் ஓரமாக உட்காருவேன்.
பிடிக்காவிட்டால் எழுந்து போக வசதி.
பதினோரு வருஷத்தில்
ஒருமுறைகூட எழுந்து போனதில்லை.

முதலாவது, கொலைப் படம்.
கொலைகாரன் யாரென்று பத்தாம் நிமிஷமே தெரிந்துவிட்டது.
அவன் ஒருவன்தான் காபியை முழுக்கக் குடித்தான்.
மற்றவர்கள் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு
கோப்பையை வைத்துவிட்டு
சன்னலோரம் போய் நின்றுகொள்கிறார்கள்.
ஆறிப்போகும் அத்தனை காபியையும்
யார் விசாரிப்பது?

இரண்டாவதில் ஒருவன் சட்டைகளுக்கு இஸ்திரி போடுகிறான்.
போடுகிறான்.
போட்டுக்கொண்டே இருக்கிறான்.
நான் தூங்கியது இதில்தான்.
விழித்தபோதும் இஸ்திரிதான்,
ஆனால் அறையில் ஒரு நாற்காலி குறைந்திருந்தது.
என்னவோ நடந்திருக்கிறது, நான் கண்மூடிய நேரத்தில்.
இப்போதெல்லாம் வண்டியில் காலி இருக்கையைப் பார்த்தால்
அந்த நாற்காலி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மூன்றாவது காதல்.
அவ்வளவு மழையில் நனைந்த இரண்டு பேருக்கும்
மூக்கே ஒழுகவில்லை.
போகட்டும்.

நான்காவதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன்.
அதில் வரும் அம்மா
போர்வைமேல் கையைக் கவிழ்த்து வைத்திருந்தாள்,
ஆஸ்பத்திரியில் என் அம்மா வைத்திருந்த அதே மாதிரி,
கட்டைவிரலை உள்ளே மடக்கி.
அந்த நடிகைக்கு யார் சொன்னது?

ஐந்தாவதுக்கு எழுத்துக்கள் வரவில்லை.
திரையின் அடியில் வெறும் கறுப்பு.
நோர்மா இரிகோய்ன் முன்னால் வந்து கையைப் பிசைந்தாள்:
இது என்ன பாஷையென்று எனக்கும் தெரியாது,
போகிறவர்கள் பணத்தை வாங்கிக்கொள்ளலாம்.
எல்லாரும் போனார்கள். நாலு பேர் மிச்சம்.

பனி. மேடு. ஒரு பெண்
சறுக்குவண்டியில் தையல் இயந்திரத்தைக் கட்டி இழுத்து வருகிறாள்.
ஒரு வீட்டு வாசலில் ஒருவன்.
அவன் தலையாட்ட, அவள் கத்த,
அவன் அழ,
அவள் இயந்திரத்தைத் திரும்ப இழுத்துக்கொண்டு போகிறாள்.
ஒன்றரை மணி நேரம். இவ்வளவுதான்.

வெளியே நிஜ மழை.
மழை பிடித்தால் இந்த ஊரில் மாவு பொரிக்காத அடுப்பில்லை;
மூலைக் கடையில் ஆளுக்கொரு வறுத்த அப்பம் வாங்கி
கூரைக்கடியில் ஒண்டி நின்றோம்.
கடன், என்றார் பல் வைத்தியர் ஃபெர்மின்,
வட்டிக்குப் பதில் கொண்டுவந்தாள், அவன் ஏற்கவில்லை.
விவாகரத்து, என்றாள் செல்லோ படிக்கும் மைத்தே,
வாயெல்லாம் சர்க்கரை.
நான் சொன்னேன்: விற்க வரவில்லை,
சும்மா காட்ட வந்தாள்.
நாலாவது ஆள் மழைக்கு ஒதுங்கித் தியேட்டருக்குள் வந்தவர்,
சினிமா பார்க்கிற வழக்கமே இல்லையாம்.
காகிதத்தை நாலாக மடித்தபடி சொன்னார்:
அவனுடைய மகள் தைத்த இயந்திரம் அது.
அதற்குமேல் யாரும் அப்பத்தைக் கடிக்கவில்லை.

எங்கள் ஓட்டுநர் வாஷிங்டன் எச்செவெர்ரி
படம் பார்ப்பதில்லை, என்னிடம் கேட்பதோடு சரி.
சிவப்பு விழுந்தால் கண்ணாடியில் என்னைத் தேடுவார்:
"ம், அப்புறம்?"
மறுநாள் காலை
பல் வைத்தியரின் கதையில்தான் தொடங்கினேன்.
ஆறாவது நிறுத்தம் தாண்டுவதற்குள்
அது மழைக்கு ஒதுங்கியவருடையதாகிவிட்டது.
"அவள் அதைத் திரும்பக் கொண்டுபோய் என்ன செய்தாள்?"
தெரியாது, படம் முடிந்துவிட்டது என்றேன்.

பச்சை விழுந்தது.
வண்டி நகரவில்லை.
பின்னால் ஒரே ஹாரன் சத்தம்.
சில்லறைக்குக் கை நீட்டி நின்ற பெண்ணிடம்
இரண்டு தடவை மீதி கொடுத்திருக்கிறேன்,
இரவு கணக்குப் பார்த்தபோது தெரிந்தது.