விவரம்: சாப்பாடு

புளியரையில் எங்கள் ஆபீஸுக்கு ஜன்னல் ஒன்றுதான்.
எஸ் வளைவில் கியர் மாறும் சத்தம் கேட்டு
ஓட்டுகிறவர் பேரைச் சொல்லிவிடுவேன்.
பதினோரு வருஷமாக வவுச்சர் எழுதுகிறேன்.

சம்பளம் ஒன்பதாயிரம், அது ஒரு நோட்டு.
பேட்டா நடைக்கு எழுநூற்றைம்பது, அது வேறு நோட்டு.
முதல் நோட்டை ஆடிட்டர் பார்ப்பார்,
பி.எஃப். ஆபீஸ் பார்க்கும்,
கால் போனால் இன்சூரன்ஸ்காரர் வந்து பார்ப்பார்.
இரண்டாவதுக்கு
நானும் முதலாளியும் ஒரு ரப்பர் பேண்டும்.

விவரம் என்று ஒரு கட்டம் உண்டு.
அதில் 'சாப்பாடு' என்று எழுத வேண்டும்.
அப்படி எழுதினால் அது கூலி இல்லை, செலவு.
செலவுக்குப் பிடித்தம் கிடையாது.
முதல் நாளே ஆடிட்டர் சொல்லித் தந்தார்:
"டிரைவருக்கும் நல்லதும்மா,
கையில முழுசா நிக்கும்லா."
நின்றது, பொய் சொல்லக் கூடாது.

பக்கீர் மைதீன் அதைச் சாப்பிட்டதில்லை.
பாவூர்சத்திரத்தில் கத்தரிக்காயும் முருங்கையும் ஏற்றி
மலையேறி, புனலூர் தாண்டி,
கொட்டாரக்கரையில் இறக்கித் திரும்பும்வரை
ஒரு தூக்குவாளிப் பழையது,
நாலு மோர்மிளகாய்.
தென்மலையில் கிளீனர் பையன் புரோட்டாவுக்கு ஓடும்போது
இவர் டயரைத் தட்டிப் பார்ப்பார்,
ஆரியங்காவில் தட்டிப் பார்த்த அதே டயரை.
அவர் தின்னாத புரோட்டாவில்
மகள் செய்யதலி பாத்திமா
நர்சிங் மூன்றாம் வருஷம்.

காய்ச்சலில் கிடந்த ஒன்பது நாளுக்குச்
சம்பளம் உண்டு, பேட்டா இல்லை.
படுத்திருக்கிறவனுக்கு வயிறு கிடையாது
எங்கள் நோட்டில்.
ஆனி மழையில் மண் சரிந்து
கழுதுருட்டிக்கு இந்தப் பக்கம் மூன்று நாள் நின்றார்.
முருங்கை கறுத்தது. கத்தரிக்காய் ஒழுகியது.
"நடை ஒண்ணுதானே?" என்றார் முதலாளி.
ஒன்றுதான். எழுதினேன்.

கடைசி வருஷ ஃபீஸுக்குக் கடன் கேட்கத்
தென்காசி பேங்குக்குச் சான்று வேண்டுமென்று வந்தார்.
தட்டச்சு செய்து, சீல் வைத்து, ஊதிக் கொடுத்தேன்.
எழுத்துக்கூட்டி வாசித்தவர்
தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"தாயி, பாதிக்கு மேல காணோமே."
"அது சம்பளத்துல சேராதுண்ணே."
"பெறவு?"
"சாப்பாடு."

சிரித்தார். வயிற்றைத் தடவிக்கொண்டார்.
பெல்ட்டில் புதிதாக ஆணியால் குத்திய இரண்டு ஓட்டை.
"அம்புட்டா தின்னேன் நான்?"

பேங்கில் இல்லையென்று சொல்லவில்லை.
ஒன்பதாயிரத்துக்கு எவ்வளவு உண்டோ
அவ்வளவு தருகிறோம் என்றார்களாம்.
அவர் என்னைக் குறை சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.
புதன்கிழமை வழக்கம்போல லோடு.
வழக்கம்போல வவுச்சர்.

விவரம் கட்டத்தில் பேனாவை வைத்தேன்.
கை தானாக 'சா'வுக்குப் போனது. நிறுத்தினேன்.
செய்யதலி பாத்திமா என்று ஆரம்பித்தேன்.
'செய்யதலி' வரைக்கும்தான் இடம் இருந்தது.
கட்டம் அவ்வளவுதான் அடித்திருக்கிறார்கள்,
சாப்பாடு என்ற நாலெழுத்துக்குத் தாராளம்.
சனிக்கிழமை ஆடிட்டர் வருவாரே என்று
கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு
வேறு எழுதினேன். பழையபடி.
அவர் கையெழுத்துப் போட்டார்,
எண்ணாமல் வாங்கினார்,
கொஞ்ச நேரத்தில் வளைவில்
இரண்டாவது கியர்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன்.
எனக்குச் சம்பளம் ஆறாயிரம்,
பயணப்படி மூவாயிரம்.
வீடு ஆபீஸுக்கு எதிர்ச்சாரி.
ஆறரைக்கு ஷட்டரை இறக்கி,
பூட்டை இழுத்துப் பார்த்து,
கேரளா போகிற லாரிகள் ஏழெட்டைப் போகவிட்டு,
இரண்டு பக்கமும் பார்த்துப்
பயணம் போனேன்.