குடோன்

தகரக் கதவில் முந்தின ஆள்
நீலப் பெயிண்டில் எழுதிவைத்த ஆறு எழுத்து.
நாங்கள் வரும்போதே பாதி உதிர்ந்திருந்தது.
எனக்கு இங்கிலீஷ் வராது.
யாரோ சேட்டின் பெயர் என்று
மூன்று வருஷம் நினைத்திருந்தேன்.

ஷெர்லின்தான் ஒருநாள் எழுத்துக் கூட்டினாள்:
கோ-ன்னா போ. டவுன்-னா கீழே.
கீழே போன்னு எழுதியிருக்கும்மா.

நாங்களோ தினமும்
பதினொரு படி இரும்பேணியில்
மேலே போய்த்தான் தூங்குகிறோம்.
கீழே மூட்டைகள். மேலே மாளா.
நிமிர்ந்தால் தலை தட்டும் உயரத்தில்
ஒரு அடுப்பு, ஒரு ஃபேன், மூன்று பேர்.

லைட்டு பில்லிலும் அதே சொல்தானாம்.
அதனால் கடை ரேட்டு.
மீட்டர் பார்க்க வந்தவரிடம்
எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன்:
குடோனில் எவனாவது குழம்பு வைப்பானா?
அவர் மூக்கை ஒருதரம் உறிஞ்சினார்.
அன்று கருவாடு.
ரேட்டு மாறவில்லை.

தொண்ணூறடி ரோட்டு அச்சாபீஸில்
கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை பார்க்கும் தேவசகாயம்
எங்கள் மூடி மூட்டைமேல் உட்கார்ந்து டீ குடிப்பார்.
அவர் சொன்னார்:
அது இங்கிலீஷே இல்லையாம்.
நம் பக்கத்துக் கிடங்குதான்
கப்பலேறி, மலாய்க்காரன் வாயில் புகுந்து,
வெள்ளைக்காரன் வாயில் புகுந்து,
தொப்பி போட்டுத் திரும்பி வந்திருக்கிறது
என்று சொல்கிறார்களாம்.
தெலுங்குக்காரர்கள் தங்களுடையது என்பார்களாம்.
பொருள் கிடக்கிற இடம் கிடங்கு, என்றார்.
ஆள் கிடந்தா? என்றேன்.
டீ சூடாக இருப்பதுபோல ஊதினார்.
அது ஆறி வெகுநேரம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு அந்தச் சொல்
போகிற இடமெல்லாம் காலில் தட்டுகிறது.
ரேஷன் கார்டு மனு கிடப்பில் கிடக்கிறது.
போன மழையில் மஞ்சள் காமாலை வந்து
அருமைநாயகம் இருபது நாள் கிடையாய்க் கிடந்தார்.
கிடைக்கும் என்பதும் அதிலிருந்துதானாம்.
கிடையாது என்பதும்.
ஒரே வயிற்றில் இப்படி இரண்டு பிள்ளை.

செவ்வாய்க்கிழமை சர்வேக்காரர் வந்தார்.
வாக்மாரே என்று கழுத்து அட்டையில் இருந்தது.
கையில் டேப்லெட். அதில் இரண்டே கட்டம்:
வீடு. வியாபாரம்.
வீடு என்றால் எங்கேயோ ஒரு மாடியில் வீடு.
வியாபாரம் என்றால் அதற்கு வேறு பேச்சு.
அவர் என்னைப் பார்க்கவில்லை,
கதவைப் படித்தார்.
உள்ளே என்ன மால்? என்றார்.

நல்லவேளை, தமிழில் கேட்கவில்லை.
பொருள் என்ன என்று கேட்டிருந்தால்
சரக்கைக் கேட்கிறாரா, அர்த்தத்தைக் கேட்கிறாரா என்று
திகைத்துப் போயிருப்பேன்.

சொன்னேன்:
பாட்டில் மூடி, சிவப்பு ஒன்பது மூட்டை.
நீலம் ஆறு.
கலர் பிரிக்காதது நாலு.
ஷாம்பு டப்பா எடை போடவில்லை.
ஒரு தையல் மிஷின், பெல்ட் அறுந்தது.
ஏணிக்கு மேலே
ஒரு குக்கர், ஒரு சிலுவை,
நாலாம் வகுப்புப் புத்தகம் ஒரு செட்டு,
எலிக்குப் பயந்து கயிற்றில் தொங்கும் அரிசி.
அப்புறம் நாங்கள்.

கடைசியைத் திரும்பக் கேட்டார்.
திரும்பச் சொன்னேன்.
விரல் கண்ணாடிமேல் கொஞ்சநேரம் நின்றது,
பிறகு எதிலோ தொட்டது.
எட்டிப் பார்த்த ஷெர்லினுக்கு
வெயிலடித்து வெள்ளையாகத்தான் தெரிந்ததாம்.
கதவில் சாக்பீஸால் ஒரு நம்பர் எழுதிவிட்டு
பக்கத்து பேக்கரிக்குப் போய்விட்டார்.
ஆறு எழுத்துக்கு அடியில்
இப்போது நாலு எண்.

ராத்திரி ஒரு மூட்டை வாய் அவிழ்ந்தது.
சிவப்பா நீலமா, இருட்டில் எது தெரிகிறது,
மூடிகள் ஒவ்வொன்றாய் உருண்டு
வாசல்வரை போகிற சத்தம்.
எழுந்திருக்கப் போனேன்.
அருமைநாயகம் கண் திறக்காமலே சொன்னார்:
கெடக்கட்டும் விடு.