நடுப்பெயர்

1830-இன் கணக்கெடுப்பில் அவள் ஒரு கோடு.
"ஐந்து வயதுக்குட்பட்ட பெண்" என்ற கட்டத்தில்
இறகுப் பேனா ஒருமுறை இறங்கி எழுந்த தடம்.
யார் வீட்டுக் கட்டம் என்று தெரியாததால்
கென்டக்கியின் அத்தனை கோடுகளும்
அவளாக இருக்கலாம்.

ஐம்பதில் பெயர் வருகிறது, மிசௌரியில், கணவனுக்குக் கீழே:
கட்டூரா ஸ்ப்ராக், வயது இருபத்தொன்று.
அறுபதில் கெட்டி.
எழுபதில் கேத்தரின், குடும்பப் பெயரும் வேறு.
கதவோரம் நின்று எழுதியவன் காதுக்கு
எட்டியது அவ்வளவுதான்.
எண்பதில் ஒருவன் சரியாகக் கேட்டிருக்கிறான்: கெட்டூரா.
தொண்ணூறின் ஏடுகள் தீயில் போயின.
தொள்ளாயிரத்தில் ஒரு புதுக் கேள்வி:
எத்தனை பெற்றாய், எத்தனை இருக்கின்றன?
ஒன்பது. மூன்று.

நான் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு எடை போடுகிறவள்.
வண்டியைக் கழித்துச் சரக்கைச் சொல்ல
எனக்குக் காகிதம் வேண்டாம்.
ஒன்பதில் மூன்று போனால் என்ன என்று
அன்றைக்கு விரல்விட்டு எண்ணினேன்.

டோரன்ஸ் கவுண்ட்டி நீதிமன்றத்தின் நிலவறை.
கொதிகலனுக்குப் பக்கத்து மேசை. நகல், பக்கம் ஐம்பது சென்ட்.
குமாஸ்தா வெலோனா பன்னிரண்டுக்குப் பூட்டிவிடுவாள்.
பதினொன்று நாற்பதுக்கு அகப்பட்டது
அப்னர் ஸ்ப்ராக் செத்தபின் நடந்த ஏலத்தின் பட்டியல்,
நவம்பர் 1861.

அவன் கடனுக்கு அவள் வீடு வெளியே வந்து
புல்லில் நிற்கிறது.
கலப்பை, உப்புப் பீப்பாய், பன்றி இரண்டு.
வாங்கியவர் பெயர்களுக்கு நடுநடுவே: விதவை.
விதவை, இரும்புக் குண்டான், அறுபது சென்ட்.
விதவை, கட்டிலும் மேலிருந்த மெத்தையும், இரண்டு டாலர்.
விதவை, கொம்பு முறிந்த பசு.
தான் துலக்கிய பாத்திரத்துக்குத்
தானே கை தூக்கியிருக்கிறாள்.

சுவர்க்கடிகாரம் மூன்றே கால் டாலருக்கு
ஓரின் டீட்டரிடம் போயிற்று.
அவள் எது வரைக்கும் கேட்டாளோ;
தோற்ற விலைகளை யாரும் எழுதுவதில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து
அந்த டீட்டரையே கட்டிக்கொண்டாள்.
கடிகாரத்துக்காகவா, என்றேன் வெலோனாவிடம்.
"நான் கட்டிக்கொண்ட காரணத்துக்கு
இது எவ்வளவோ மேல்" என்று
விளக்கை அணைத்தாள்.

நிலம் விற்ற பத்திரத்தில் அவள் கையெழுத்து
ஒரு பெருக்கல் குறி.
ஒற்றைக் கோடாகத் தொடங்கியவள்
குறுக்கே இன்னொன்று இழுக்குமளவு வளர்ந்திருந்தாள்.

பிறந்த வீட்டுப் பெயர்தான் எங்கும் இல்லை.
மகன் நாரிஸ் இறந்தபோது, 1931,
சான்றிதழ் அதை நேராகவே கேட்கிறது:
தாயின் கன்னிப்பெயர்?
என் அப்பாவின் அப்பா, முத்து முத்தான எழுத்துக்காரர்,
கட்டம் நிறைய எழுதியிருக்கிறார்:
தெரியாது.

சோயா வயலுக்கு நடுவே
வேலி கட்டிய அரைக்காணிக் கல்லறை.
புல்வெட்டியை நிறுத்திவிட்டு ஒருவன்
அவள் கல்லைக் காட்டினான். டீட்டர்களின் வரிசை.
"ஓ. டீட்டரின் மனைவி." அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை.

தள்ளி, ஸ்ப்ராக் பக்கம்,
முழங்கால் உயரக் கல் ஒன்று பாசியோடு சாய்ந்திருந்தது.
தடவினேன், விரலுக்குப் பிடிபடவில்லை.
தண்ணீர் பாட்டிலைச் சரித்தேன்.
ஈரத்தில் எழுத்து கறுத்து எழுந்தது.

ஏசா வார்ட்லா ஸ்ப்ராக்.
பதினொரு நாள்.

வார்ட்லா.
அந்தப் பக்கத்துப் பெண்கள் விட்டுவந்த பெயரைப்
பிள்ளை பெயரின் நடுவில் செருகி வைப்பார்கள்.
மற்ற எட்டையும் ஏற்கெனவே பார்த்துவிட்டேன், அதுகளில் இல்லை.
எழுதத் தெரியாதவள்
கல் செதுக்குகிறவன் முன்னால் நின்று
அந்த ஒரு சொல்லை எத்தனை தரம்
சொல்லிக்காட்டினாளோ.

பேனா தேடுவதற்குள் வெயிலில் கல் காய்ந்து
பெயர் உள்ளே போய்விட்டது.
பாட்டிலில் இன்னும் ஒரு மடக்கு இருந்தது.
எனக்குத் தாகம்தான்.
ஊற்றினேன்.